சாப்பாட்டில் சிக்கும் கொலைகாரக் கிருமி!

தாய்லாந்து நாட்டின் வடகிழக்குப் பகுதி, நெல் விளையும் பூமி. அங்கே வயலில் ஒரு அடி ஆழம் தோண்டி ஒரு பிடி மண் எடுத்தால், அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றில் இரண்டு கிருமிகள், கூடப் பிறந்த அண்ணன் தம்பியைப் போன்றவை.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சிறு குச்சியைப் போலத் தெரியும். இரண்டும் நீந்தும். இரண்டும் ஈர மண்ணில்தான் குடியிருக்கும். ஆனால் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! ஒன்று மனிதனைக் கொல்லும். மற்றது, அபூர்வமாகச் சிலரைத் தவிர, யாரையும் ஒன்றும் செய்யாது.

எது கொலைகாரன்? எது சாது? உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவை சாப்பிடும் சாப்பாட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அராபினோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. வேல மரத்துப் பிசினில் இருப்பது. அந்தச் சர்க்கரையைச் சாது கிருமி தின்று வளரும். கொலைகாரக் கிருமிக்கு அதைத் தின்னத் தெரியாது.

கிருமிக்கு ஒரு சாப்பாட்டைக் கொடுத்து, அது தின்கிறதா இல்லையா என்று பார்க்கும் இந்தச் சோதனை பழையது, மலிவானது. பழையது என்பதற்காக அதை மூலையில் தூக்கிப் போடுவது சரியல்ல. ஏழை விவசாயியின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது.

ரங்கூனில் தொடங்கிய கதை

1911-ம் ஆண்டு. பர்மாவின் ரங்கூன் நகரம். அங்கே ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய டாக்டர் வேலை பார்த்தார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, சாவுக்குக் காரணம் சொல்வது அவர் பணி. அவருக்குத் துணையாக இருந்தவர் சி.எஸ். கிருஷ்ணசாமி.

இறந்துபோன ஏழைகள் சிலரின் உடலில் ஒரு விசித்திரத்தை அவர்கள் கண்டார்கள். நுரையீரல், ஈரல், மண்ணீரல் முதலிய உறுப்புகளில் சீழ்க் கட்டிகள் இருந்தன. அந்த நாளில் கிளாண்டர்ஸ் என்ற குதிரை நோய் மனிதர்களையும் சில நேரம் தாக்கும். இதுவும் அதுதானோ என்று முதலில் தோன்றியது. ஆனால் குதிரை நோய்க் கிருமி நீந்தாது. இந்தக் கிருமி நீந்தியது.

இது புது நோய் என்று இருவரும் சேர்ந்து 1912-ல் உலகுக்கு அறிவித்தார்கள். பிறகு 1921-ல் மலேயாவில் இருந்த டாக்டர்கள் ஸ்டாண்டன், பிளெச்சர் ஆகியோர் அதற்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நோயை உண்டாக்கும் கிருமியின் இன்றைய பெயர், பர்க்கோல்டேரியா சூடோமாலி. சுருக்கமாக, சூடோமாலி.

யாரைப் பிடிக்கும்?

சூடோமாலி மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிறது. வெறுங்காலோடு சேற்றில் நடக்கும்போது, காலில் உள்ள சிறு வெட்டு வழியாக உடம்புக்குள் நுழையும். சுத்தம் செய்யாத தண்ணீரைக் குடித்தாலும் வரும். புயல் மழையின்போது காற்றில் கலந்து மூச்சு வழியாகவும் போகும்.

நல்ல உடல் வலிமை உள்ளவர்கள் பலர் தப்பிவிடுவார்கள். நீரிழிவு உள்ளவர்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், அளவு மீறிக் குடிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். மழைக்காலத்தில்தான் நோயாளிகள் பெருகுவார்கள்.

இந்த நோய்க்கு ஒரு முகம் கிடையாது. ஒருவருக்கு நிமோனியா போல வரும். இன்னொருவருக்குக் காசநோய் போல மாதக்கணக்கில் இழுக்கும். வேறொருவருக்கு ஈரலில் கட்டியாக வரும். சிலர் உடம்பில் பல ஆண்டுகள் பதுங்கியிருந்து பிறகு வெளிப்படுவதும் உண்டு.

மருந்து இருக்கிறது. ஆனால் சரியான மருந்தாக இருக்க வேண்டும். பென்சிலினுக்கு இந்தக் கிருமி அஞ்சாது. ஜென்டாமைசினும் பெரும்பாலும் பலிப்பதில்லை. செப்டாசிடிம் என்ற மருந்தை ஊசி மூலம் கொடுத்தால் சாவு பாதியாகக் குறைகிறது என்று 1989-ல் தாய்லாந்தில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. ஊசி முடிந்த பிறகும் சுமார் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

ஆகவே, வந்திருப்பது எந்தக் கிருமி என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து இருட்டில் எய்த அம்புதான். கிருமியின் பெயர் தெரிவது நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினை.

உருவம் ஏமாற்றும்

உலகத்தில் கிருமிகளின் வகை ஏராளம். ஆனால் உருவங்களோ மிகக் குறைவு. உருண்டை, குச்சி, சுருள் என்று சில உருவங்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். மண்ணில் வாழும் குச்சிக் கிருமிகளில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. சாயம் ஏற்றிப் பார்த்தாலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது.

ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எது பெரியவன், எது சின்னவன் என்று குழப்பமாக இருக்கும். சோறு போடும் தாய்க்குத் தெரியும். ஒருவன் பாகற்காயை விரும்பித் தின்பான். மற்றவன் அதை இலை ஓரத்தில் ஒதுக்கி வைப்பான். கிருமிகளைப் பிரித்து அறிய விஞ்ஞானிகள் கையாளும் வழியும் ஏறக்குறைய இதுதான்.

எல்லா உயிர்களின் உடம்பும் கார்பன் என்னும் கரிச்சத்தை வைத்துக் கட்டப்பட்டது. செடிகொடிகள் அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். மண்ணில் வாழும் பெரும்பாலான கிருமிகளால் அப்படிச் செய்ய முடியாது. அவை மனிதர்களைப் போல உணவிலிருந்துதான் கரிச்சத்தைப் பெற வேண்டும்.

ஆனால் எல்லாக் கிருமிகளும் எல்லா உணவையும் தின்பதில்லை. ஓர் உணவை உடைத்துச் செரிக்க அதற்கென்று தனிக் கருவிகள் தேவை. நெல் குத்த உலக்கை, மாவு அரைக்கத் திரிகை, எண்ணெய் எடுக்கச் செக்கு என்று இருப்பதைப் போல, ஒவ்வோர் உணவுக்கும் ஒரு தனிப் புரதக் கருவி கிருமியின் உடம்பில் இருக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாவிட்டால், எதிரே உணவு மலை போலக் குவிந்திருந்தாலும் கிருமி பட்டினிதான்!

மூன்று கண்ணாடிக் குழாய்கள்

சோதனை எப்படி நடக்கிறது?

முதலில் உப்புத் தண்ணீர் தயாரிக்கிறார்கள். கிருமி வளரத் தேவையான நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு முதலிய சத்துகளெல்லாம் அதில் இருக்கும். கரிச்சத்து மட்டும் இருக்காது. அதாவது உப்பு, புளி, மிளகாய் எல்லாம் தயார். சோறு மட்டும் இல்லை!

அந்தத் தண்ணீரை மூன்று குழாய்களில் ஊற்றுகிறார்கள். முதல் குழாயில் எந்த உணவும் போடுவதில்லை. இரண்டாவதில் குளுக்கோஸ் போடுகிறார்கள். மூன்றாவதில் அராபினோஸ் போடுகிறார்கள். மூன்றிலும் ஒரே கிருமியைச் சிறிதளவு விட்டு, உடம்புச் சூட்டில் சில நாட்கள் வைக்கிறார்கள்.

உணவு போடாத குழாய் தெளிவாகவே இருக்க வேண்டும். அது கலங்கினால், எங்கோ வேறு உணவு கலந்துவிட்டது, சோதனை செல்லாது. குளுக்கோஸ் குழாய் கலங்க வேண்டும். கலங்கினால் கிருமி உயிரோடு இருக்கிறது என்று பொருள். பிறகு மூன்றாவது குழாயைப் பார்க்க வேண்டும். அதுவும் கலங்கியிருந்தால், கிருமி அராபினோஸைத் தின்று பெருகிவிட்டது. தெளிவாக இருந்தால், தின்னவில்லை.

இவ்வளவுதான் விஷயம். விலை உயர்ந்த மெஷின் எதுவும் வேண்டாம். பொறுமையும் சுத்தமும் வேண்டும்.

ஹாலந்தும் கலிபோர்னியாவும்

இந்த முறை நேற்று முளைத்தது அல்ல. 1926-ல் ஹாலந்து நாட்டில் டென் டூரன் டி யோங் என்ற ஆராய்ச்சியாளர் சுமார் 200 வகைப் பொருள்களை மண் கிருமிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில கிருமிகள் ஏதோ சிலவற்றை மட்டும் தின்றன. வேறு சில, கொடுத்ததில் பல டஜன் பொருள்களைத் தின்று தீர்த்தன!

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1966-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டேனியர், பல்லெரோனி, டூடொரோஃப் என்ற மூவர் இந்த வழியைப் பெரிய அளவில் கையாண்டார்கள். சூடோமோனாஸ் என்ற கூட்டத்தைச் சேர்ந்த 267 கிருமி வகைகளைச் சேகரித்தார்கள். 146 உணவுப் பொருள்களை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வோர் உணவு என்று கணக்குப் போட்டால், 39 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வரும்!

இத்தனையையும் ஒவ்வொன்றாகச் செய்தால் ஆயுள் போதாது. அதற்கு ஒரு சுலப வழி இருந்தது. தபால் ஆபீசில் முத்திரை குத்துவதைப் போன்ற வழி. கிருமிகள் புள்ளி புள்ளியாக வளர்ந்த தட்டின் மேல் வெல்வெட் துணியை ஒற்றி எடுப்பார்கள். அந்தத் துணியை வேறு வேறு உணவு வைத்த தட்டுகளில் வரிசையாக ஒற்றுவார்கள். எந்தத் தட்டில் எந்தப் புள்ளி வளர்கிறதோ, அந்த உணவு அந்தக் கிருமிக்கு ஏற்றது. இந்த வெல்வெட் முறையை 1952-ல் வெளியிட்டவர்கள், ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் தம்பதிகள்.

ஒரே குவியலாகக் கிடந்த மண் கிருமிகள், உணவுப் பட்டியலை வைத்துப் பார்த்ததும் தனித்தனி இனங்களாகப் பிரிந்தன. ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரண்டு கிருமிகளில் ஒன்று ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைத் தின்றது. மற்றொன்று அதைத் தொடவில்லை. இப்படிப் பல அடையாளங்கள் கிடைத்தன.

வயலில் கிடைத்த துப்பு

தாய்லாந்தில் 1990-களில் ஒரு புதிர் இருந்தது. வயல் மண்ணில் சூடோமாலி கிருமி தாராளமாகக் கிடைத்தது. ஆனால் அதில் இரண்டு வகைகள் தென்பட்டன. ஒரு வகை அராபினோஸைத் தின்றது. இன்னொரு வகை தின்னவில்லை. நோயாளிகளின் ரத்தத்திலும் சீழிலும் கிடைத்ததோ, தின்னாத வகைதான்.

ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்கு இரண்டையும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். முடிவு 1997-ல் வெளிவந்தது. அராபினோஸ் தின்னாத வகையில் சில நூறு கிருமிகளே எலியைக் கொல்லப் போதும். தின்னும் வகையில் கோடிக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன.

மறு ஆண்டே, 1998-ல், சாதுக் கிருமி தனி இனம் என்று முடிவாயிற்று. அதற்குப் பர்க்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்று பெயர் சூட்டினார்கள்.

அந்தச் சர்க்கரையைத் தின்னாததற்கும் கொலைக் குணத்துக்கும் என்ன சம்பந்தம்? 2004-ல் ஒரு விடை கிடைத்தது. அராபினோஸைச் செரிக்கும் ஜீன்கள் சாதுக் கிருமியிடம் இருக்கின்றன. கொலைகாரன் அவற்றை இழந்துவிட்டது. அந்த ஜீன்களை மறுபடியும் கொலைகாரனுக்குள் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளெலி இனத்து ஹாம்ஸ்டர் பிராணிகளிடம் அதன் வேகம் குறைந்தது!

கணக்கு தவறினால்?

இரண்டு கிருமிகளும் ஒரே பெயரில் இருந்த காலத்தில், மண் ஆராய்ச்சிக் கணக்கில் இரண்டும் கலந்து கிடந்தன. சாது மட்டும் இருந்த வயலும் ஆபத்தான வயல் என்று பதிவாகக்கூடிய நிலை. நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள், கிருமி எங்கே இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு உதைத்தது. ஒரு சர்க்கரைச் சோதனை அந்தச் சிக்கலை அவிழ்த்தது.

மண்ணை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி 2013-ல் ஒரு முறை வகுத்தார்கள். ஒரு நிலத்தில் 100 இடங்களில், ஒரு அடி ஆழத்தில் மண் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. அந்த மண்ணிலிருந்து கிருமியைப் பிடிக்கவும் உணவுதான் தூண்டில். எரித்ரிட்டால் என்ற இனிப்புப் பொருளை மட்டும் உணவாக வைத்தால், நெல் வயல் மண்ணிலிருந்து சூடோமாலியைப் பிடிப்பது சுலபமாகிறது என்று 2019-ல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. மற்றக் கிருமிகள் பல பட்டினி கிடக்க, இது மட்டும் பெருகி வந்து அகப்பட்டுக்கொள்கிறது.

மெஷின் இருக்கும்போது இது எதற்கு?

சிலர் கேட்பார்கள்: இப்போதுதான் ஜீனைப் படிக்கும் மெஷின் இருக்கிறதே, கிருமியின் புரதத்தை எடை போட்டுச் சில நிமிஷங்களில் பெயர் சொல்லும் மெஷின் இருக்கிறதே, பழைய குழாய்ச் சோதனை எதற்கு?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. மெஷின் வேகமானது, நல்லது. ஆனால் மெஷினுக்குக் கற்றுக்கொடுத்த பெயரைத்தான் அது சொல்லும். புரதத்தை எடை போடும் மெஷின்கள் சிலவற்றின் பட்டியலில் சூடோமாலி என்ற பெயரே இல்லாமல் இருந்தது. அந்த மெஷின்கள் என்ன செய்தன? கொலைகாரக் கிருமிக்குச் சாதுவின் பெயரைச் சூட்டிவிட்டன! அப்படிப்பட்ட நேரத்தில் அராபினோஸ் குழாய் உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

அதற்காக ஒரு சர்க்கரையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. மண்ணில் அராபினோஸைத் தின்னாத கிருமிகள் வேறு பலவும் உண்டு. ஆகவே பல உணவுகளை வைத்துப் பார்க்க வேண்டும்; எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்றும் பார்க்க வேண்டும். உணவுச் சோதனைப் பட்டைகள் கடையில் கிடைக்கின்றன. 95 உணவுகளைச் சிறு குழிகளில் வைத்து, கிருமி தின்றால் ஊதா நிறம் காட்டும் தட்டும் உண்டு. அவையும் சில நேரம் தவறான பெயரைச் சொல்லியிருக்கின்றன. ஒரு சாட்சியை வைத்து வழக்கை முடிக்காமல், நாலு சாட்சிகளை விசாரிப்பதே நீதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூடோமாலி பொல்லாத கிருமி. திறந்த மேஜையில் வைத்து விளையாடக் கூடாது. பாதுகாப்புப் பெட்டிக்குள், பயிற்சி பெற்றவர்கள்தான் அதைக் கையாள வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு என்ன சம்பந்தம்?

தாய்லாந்து வயல் எங்கோ இருக்கிறது என்று தமிழர்கள் சும்மா இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்த நோய் கண்டவர்கள் இருக்கிறார்கள். நெல் வயல், மழைக்காலம், வெறுங்கால், நீரிழிவு ஆகிய நான்கும் இங்கேயும் உண்டு.

உலகத்தில் ஆண்டுக்கு 1 லட்சத்து 65 ஆயிரம் பேருக்கு இந்த நோய் வருகிறது என்றும், 89 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்றும் 2016-ல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். அதில் 44 சதவிகிதம் தெற்கு ஆசியாவில் என்பது அவர்கள் கணக்கு. இது மதிப்பீடுதான். சோதித்துக் கண்டுபிடித்த நோயாளிகளின் எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவு. அப்படியானால் மற்றவர்கள்? காசநோய் என்றும், சாதாரண நிமோனியா என்றும், பெயர் தெரியாத காய்ச்சல் என்றும் எழுதப்பட்டுப் போய்விடுகிறார்கள்.

நோயாளியின் சீழில் குச்சிக் கிருமி ஒன்று வளர்கிறது. "ஏதோ சூடோமோனாஸ், மண்ணிலிருந்து வந்து கலந்த அழுக்கு" என்று குப்பையில் போட்டுவிட்டால், அந்த நிமிஷமே நோயாளியின் வாய்ப்பும் குப்பைக்குப் போகிறது. "ஏதோ" என்ற சொல்லுக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் இருக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. மாவட்ட ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடங்களில் சந்தேகக் கிருமியை அடையாளம் காணும் பயிற்சி வேண்டும். சில சர்க்கரைப் புட்டிகளும் மருந்துத் தாள்களும் வேண்டும். சந்தேகம் வந்தால் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு உடனே அனுப்பும் ஏற்பாடு வேண்டும். கல்லூரியில் நுண்ணுயிர் பாடம் படிக்கும் பிள்ளைகள், மெஷினின் பொத்தானை அமுக்கக் கற்றால் போதாது. மூன்று குழாய்களைத் தங்கள் கையால் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நோயாளிகள் கிடைத்த ஊர்களின் மண்ணையும் முறைப்படி சோதிக்க வேண்டும்.

விவசாயக் குடும்பங்களும் சில காரியங்களைச் செய்யலாம். நீரிழிவு உள்ளவர்கள் சேற்றில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் போடலாம். கை, காலில் காயம் இருந்தால் மூடிக்கொண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவலாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். காய்ச்சல் விடாமல் அடித்தால், "வயலில் வேலை செய்கிறேன், நீரிழிவு இருக்கிறது" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வார்த்தை அவருக்குத் துப்பாக அமையும்.

மற்றதை ஆய்வுக்கூடம் பார்த்துக்கொள்ள வேண்டும். கிருமிக்கு இலை போட்டு, எதைத் தின்கிறது, எதை ஒதுக்குகிறது என்று கவனித்தால் அதன் பெயர் தெரியும். பெயர் தெரிந்தால் மருந்து தெரியும். வயலில் இறங்கிப் பாடுபட்டுச் சோறு போடுகிற மனிதனுக்கு, அவனைப் பிடித்த நோயின் பெயரையாவது சரியாகக் கண்டு சொல்ல வேண்டாமா?